மடிப்புக் கதவு வாங்குமுன் வெயிலைப் பாருங்கள்

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை எந்தக் குடியிருப்புப் பகுதிக்குள் நுழைந்தாலும் இப்போது ஒரு மாற்றம் கண்ணில் படுகிறது. தொடர் வீடுகளின் முன்சுவரோ பின்சுவரோ இடிக்கப்பட்டு, அங்கே அலுமினியச் சட்டத்தில் நான்கைந்து கண்ணாடிப் பலகைகள் நிற்கின்றன. விசிறியைப் போல மடித்து ஓரமாகத் தள்ளிவிட்டால் வரவேற்பறையும் வெளிமுற்றமும் ஒன்றாகிவிடும். புதிய உணவகங்களும் அலுவலகங்களும்கூட இந்த மடிப்புக் கண்ணாடிக் கதவையே விரும்புகின்றன.

பார்க்க அழகுதான். ஆனால், அந்த வீடுகள் பலவற்றில் மாலை நான்கு மணிக்கு நிலைமை வேறு. கதவு மூடியிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் கனத்த திரை தொங்கும். உள்ளே ஏர்கோன் ஓடிக்கொண்டிருக்கும். காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்து வாங்கிய கதவு, இரண்டையும் மறைத்துக்கொண்டு நிற்கும்.

தேர்வு செய்யும் வரிசை தலைகீழாகப் போனதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. கடைக்குப் போனதும் நாம் முதலில் கேட்பது நிறத்தையும் விலையையும். கேட்க வேண்டிய வரிசையோ இது: முதலில் நிழல், அடுத்து கண்ணாடி, அதன்பின் சட்டமும் தண்டவாளமும், கடைசியில் நிறம்.

ஐந்தடிக்குள் இருக்கும் அறிவியல்

1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அடுத்தடுத்து அழித்தன. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய ஊரைச் செங்கல்லும் ஓடும் கொண்டு திரும்பக் கட்டச் சொன்னார் அன்றைய சிலாங்கூர் ரெசிடென்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம். அதற்கான செங்கல் சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. அந்தக் காலத்துக் கடைவீடுகளில் பல இன்னும் நிற்கின்றன. அவற்றின் முகப்பைக் கவனியுங்கள். பகலில் கடையின் முன்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும். ஆனால், வெயில் உள்ளே விழாது. மேல்மாடி முன்னால் நீண்டு ஐந்தடி நடைபாதைக்குக் கூரையாக நிற்கிறது. திறப்பு எவ்வளவு அகலமோ, அதற்கேற்ற நிழலையும் சேர்த்தே கட்டினார்கள்.

இன்றைய வீட்டில் அந்த அகலமான திறப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, நிழலை விட்டுவிட்டோம்.

எவ்வளவு நிழல் வேண்டும் என்பதை எளிய கணக்கில் அறியலாம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 3 பாகையில் இருக்கிறது. ஆகவே உச்சிச் சூரியன் ஆண்டில் பாதி நாள் நமக்கு வடக்கிலும் பாதி நாள் தெற்கிலும் நிற்கிறது. ஜூன் கடைசியில் தலைக்கு நேர் மேலிருந்து சுமார் 20 பாகை வடக்கே சாய்கிறது. டிசம்பர் கடைசியில் சுமார் 26 பாகை தெற்கே சாய்கிறது. கதவின் உயரம் 2.4 மீட்டர், அதாவது எட்டடி என்று கொள்வோம். வடக்கு பார்த்த கதவுக்கு மேலே 0.9 மீட்டர் நீளும் கூரையும், தெற்கு பார்த்த கதவுக்கு 1.2 மீட்டர் நீளும் கூரையும் இருந்தால், உச்சிவெயில் கண்ணாடியில் படவே படாது. மூன்றடி, நான்கடி போதும்.

கிழக்கு, மேற்குக் கதவுகளுக்கு இந்தக் கணக்கு உதவாது. நம் கடிகாரத்தில் உச்சிப்பொழுது ஏறக்குறைய 1.15 மணிக்குத்தான் வருகிறது. எனவே, காலை 9.30 மணிக்குச் சூரியன் இன்னும் தாழ்வாக, சுமார் 35 பாகை உயரத்தில்தான் இருக்கும். அந்நேரம் ஐந்தடி நீண்ட கூரைகூடக் கிழக்குக் கதவின் மேல் ஒரு மீட்டரைத்தான் மறைக்கும். மீதிக் கண்ணாடி முழுக்க வெயில். மாலை ஆறு மணிக்கு மேற்குக் கதவில் வெயில் கிட்டத்தட்ட நேராகவே உள்ளே பாயும்.

இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. நம்மில் பெரும்பாலோர் மேற்கு வெயிலுக்குத்தான் அஞ்சுகிறோம். கிழக்கு பார்த்த வாசல் மங்கலம் என்று அதைத் தேடிப் பிடிக்கிறோம். கட்டடங்களின் மின்சிக்கனத்துக்கான மலேசியத் தர விதி எம்.எஸ். 1525, ஒவ்வொரு திசைக்கும் ஒரு சூரிய எண் தருகிறது. மேற்குக்கு 0.94. கிழக்குக்கோ 1.23. பிற்பகலில் நம் வானத்தில் மேகம் கூடி இடிமழை பெய்வது வழக்கம் அல்லவா? அதனால் மேற்குச் சுவர் பல நாள் தப்பித்துக்கொள்கிறது. தெளிந்த காலை வெயில் முழுவதையும் கிழக்குச் சுவர் வாங்குகிறது. மேற்கு வெயில் நமக்குக் கொடுமையாகத் தெரிவதற்குக் காரணம், அந்நேரத்தில் வெளிக்காற்றும் சூடாக இருப்பதுதான். வாசல் கிழக்கு பார்த்து இருக்கட்டும். அதை முழுக் கண்ணாடியாக்கும்போது வெளியே ஒரு மறைப்பும் வேண்டும்.

இதைத் தெரிந்து கட்டிய கட்டடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சுபாங் ஜெயாவில் 1992இல் எழுந்த மெனாரா மெசினியாகா, கட்டடக் கலைஞர் கென் யாங் வடிவமைத்தது. 1995இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. அதில் மின்தூக்கியும் படிக்கட்டும் கிழக்குப் பக்கத்தில் சுவராக நின்று காலை வெயிலைத் தாங்குகின்றன. மேற்கில் அலுமினியத் தகடுகள் மறைக்கின்றன. வடக்கிலும் தெற்கிலும் கண்ணாடி தாராளமாக இருக்கிறது. நம் வீட்டுக்கும் இதே பாடம்தான். மூங்கில் சுருள்திரை, செங்குத்துப் பலகைகள், கொடிப் பந்தல் எதுவானாலும் சரி, மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே தொங்கும் திரை தாமதமாகத்தான் வேலை செய்கிறது. வெயில் அதற்குள் கண்ணாடியைக் கடந்துவிடுகிறது. திரை சூடேறி வெளிவிடும் அகச்சிவப்பு வெப்பம் கண்ணாடி வழியே எளிதில் திரும்பிப் போகாது. பூட்டிய காரில் நடப்பதும் இதுவே.

இரட்டைக் கண்ணாடி என்னும் விற்பனைப் பேச்சு

அடுத்து கண்ணாடி. இரட்டைக் கண்ணாடி போட்டால் வீடு குளுகுளுவென்று இருக்கும் என்று கடைகளில் சொல்வார்கள். அது குளிர்நாட்டுக்குப் பொருந்தும் பேச்சு. அங்கே உள்ளுக்கும் வெளிக்கும் 20, 30 பாகை வேறுபாடு இருக்கும். இங்கே ஏர்கோன் அறைக்கும் வெளிக்கும் பெரும்பாலும் எட்டு, ஒன்பது பாகைதான். நமக்கு வெப்பம் வருவது முக்கியமாகக் கதிர்வீச்சாக.

எம்.எஸ். 1525 தரும் சூத்திரமே இதைச் சொல்கிறது. கண்ணாடி வழியே கடத்தப்படும் வெப்பத்துக்கு அது கொடுக்கும் பெருக்கெண் 6. நேரே நுழையும் வெயிலுக்குக் கொடுப்பது 194. இதை வைத்து, திசையைக் கணக்கில் எடுக்காமல், ஒரு சதுர மீட்டருக்குக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சாதாரண ஒற்றைக் கண்ணாடி சுமார் 220 வாட் வெப்பத்தை உள்ளே விடும். தெளிந்த இரட்டைக் கண்ணாடி சுமார் 180 வாட். வெயிலைத் திருப்பும் பூச்சு கொண்ட ஒற்றைக் கண்ணாடி சுமார் 120 வாட். பூச்சும் இரட்டைப் பலகையும் சேர்ந்தால் சுமார் 80 வாட். பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடியைவிடப் பூச்சுள்ள ஒற்றைக் கண்ணாடி நம் ஊருக்கு நல்லது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆகவே, கடையில் ஓர் எண்ணைக் கேளுங்கள். எஸ்.எச்.ஜி.சி. என்பார்கள். கண்ணாடியில் படும் சூரிய வெப்பத்தில் எவ்வளவு பங்கு உள்ளே வருகிறது என்பதே அது. சாதாரணக் கண்ணாடிக்கு 0.8 அளவில் இருக்கும். நல்ல பூச்சுக் கண்ணாடிக்கு 0.4 அல்லது அதற்கும் கீழே இருக்கும். 3.6 மீட்டர் அகலக் கதவில் சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் படுவதாகக் கொண்டால், முதல் கண்ணாடி கிட்டத்தட்ட 3,500 வாட் வெப்பத்தை உள்ளே விடும். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் வெளியேற்றக்கூடியது சுமார் 2,600 வாட்தான். அந்த ஏர்கோன் முழுமூச்சாக ஓடினாலும் கதவு வழியே வரும் வெப்பத்தையே சமாளிக்க முடியாது. அந்த மின்கட்டணம் மாதந்தோறும் வரும்.

திறந்த வீடா, மூடிய வீடா?

இன்னொரு முடிவையும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். மடிப்புக் கதவின் சிறப்பு, வாசலின் அகலம் ஏறத்தாழ முழுவதும் திறப்பது. இரண்டு பலகை நகரும் கதவு பாதிதான் திறக்கும். ஆனால், மடிப்புக் கதவில் இணைப்புகள் அதிகம். ஒவ்வொரு இணைப்பும் காற்றும் புகைமூட்டத் தூசும் நுழையக்கூடிய இடம். பகலெல்லாம் கதவைத் திறந்துபோட்டு விசிறிக் காற்றில் வாழப் போகிறீர்கள் என்றால் மடிப்புக் கதவு சரியான தேர்வு. எந்நேரமும் ஏர்கோன் ஓடும் அறைக்கு, குறைவான விலையில் நகரும் கதவோ நிலையான கண்ணாடியுடன் ஒற்றைக் கதவோ போதும்.

திறந்துபோடுவதாக இருந்தால் கொசுவை மறக்கக் கூடாது. டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு அதிகமாகக் கடிப்பது விடிந்த பிறகும் பொழுது சாயும் நேரத்திலும். நாம் கதவைத் திறக்க விரும்பும் நேரமும் அதுதான். கதவோடு சேர்ந்து இழுத்து மூடும் கொசுவலையும் வேண்டும். பின்னர் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குச் சட்டத்தில் இடம் இருக்காது. தரைத் தண்டவாளத்தின் வடிகால் துளைகளையும் வாரம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். அடைத்துக்கொண்டால் அங்கே தேங்கும் நீரே கொசுவுக்குத் தொட்டில்.

உடைந்தால் என்ன ஆகும்?

பாதுகாப்பில் சிக்கனம் வேண்டாம். டெம்பர்டு கண்ணாடியை 600 பாகைக்கு மேல் சூடாக்கி விரைந்து குளிரவைக்கிறார்கள். சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலுவானது. உடைந்தால் கத்தி போன்ற துண்டுகளாகாமல் சிறு மணிகளாக உதிரும். ஆனால், உள்ளே நுண்ணிய நிக்கல் சல்பைடு துகள் இருந்தால், யாரும் தொடாமலே ஒருநாள் வெடித்து உதிரலாம். ஆலையில் முன்கூட்டியே சூட்டில் வைத்துச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. அந்தச் சோதனை நடந்ததா என்று கேளுங்கள்.

லேமினேட்டட் கண்ணாடியில் இரண்டு பலகைகளுக்கு இடையே ஒரு நெகிழித் தாள் ஒட்டியிருக்கும். உடைந்தாலும் சட்டத்திலேயே நிற்கும். திருடனுக்கு வழி விடாது, புற ஊதாக் கதிரையும் பெரும்பாலும் தடுக்கும். குழந்தைகள் ஓடும் தரைத்தளத்துக்கு, டெம்பர்டு செய்த பலகைகளைக் கொண்டே லேமினேட் செய்தது நல்லது. விலை கூடும். ஆனால், கண்ணாடிக்குப் பின்னால் பூட்டிய இரும்பு கிரில் போடும் தேவை குறையும். தீப்பிடித்தால் அந்த கிரிலே நம்மை உள்ளே அடைத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

எடையும் முக்கியம். ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ என்பது கண்ணாடியின் கணக்கு. 80 சென்டிமீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள 8 மில்லிமீட்டர் பலகை 38 கிலோ வரும். இத்தகைய ஐந்து பலகைகள் மேல் தண்டவாளத்தில் தொங்கினால் 190 கிலோவை உத்தரம் தாங்க வேண்டும். மடிக்கும்போது அந்த எடை முழுவதும் ஒரு மூலைக்குப் போய்விடும். உத்தரம் சில மில்லிமீட்டர் தொய்ந்தாலே கதவு சிக்கும். சுவரை இடிக்குமுன் பொறியாளரைக் கேளுங்கள், மாநகர் மன்றத்தின் அனுமதியும் பெறுங்கள்.

தண்டவாளம் தரையோடு தரையாக இருந்தால் முதியவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் நல்லது. சாரல் மழைக்கோ சிறு மேடு வேண்டும். மேலே நல்ல கூரை நீண்டிருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். 2021 டிசம்பரில் ஸ்ரீ மூடா குடியிருப்பைப் போல வெள்ளம் பார்த்த பகுதி என்றால், கதவைவிட முற்றத்து வடிகாலுக்கு முதலில் செலவிடுங்கள். கிள்ளான் துறைமுகப் பக்கம் கடற்காற்றில் உப்பு இருக்கும். கீல்களும் உருளைகளும் 316 வகை எவர்சில்வரில் இருப்பது நல்லது.

கண்ணாடிக்கும் நட்சத்திரம் வேண்டும்

பெரிய அலுவலகக் கட்டடங்களின் சுவர் வழியே நுழையும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சராசரி 50 வாட்டைத் தாண்டக் கூடாது என்று எம்.எஸ். 1525 சொல்கிறது. வீட்டுக்காரருக்கு அந்தக் காவல் இல்லை. ஏர்கோன் வாங்கப் போனால் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையைப் பார்த்து வாங்குகிறோம். அந்த ஏர்கோனைத் திணறவைக்கும் கண்ணாடிக் கதவில் எந்த முத்திரையும் இல்லை. விற்பவர் சொல்வதே வேதம். கடையில் விற்கும் ஒவ்வொரு கண்ணாடியிலும் எஸ்.எச்.ஜி.சி. எண்ணை ஒட்ட வேண்டும் என்று அரசாங்கம் கட்டாயமாக்க வேண்டும். பயனீட்டாளர் சங்கங்களும் இதைக் கேட்க வேண்டும்.

அதுவரை நாமே கேட்டுக்கொள்வோம். அளவெடுக்க வரும் குத்தகையாளரிடம் கண்ணாடியின் எண், வகை, எடை, உத்தரத்தின் வலு, கொசுவலைக்கான இடம் ஆகிய ஐந்தையும் விலைப்பட்டியலிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கதவு எந்தத் திசை பார்க்கிறது, மேலே எத்தனை அடி கூரை நீள்கிறது என்பதை அவர் வருமுன் நீங்களே ஒருமுறை அளந்து வையுங்கள். நிழல் போதவில்லை என்றால், கண்ணாடிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை முதலில் கூரைக்குக் கொடுங்கள்.