உடைந்த அணையும் பாடம்தான்

ஆழம் காணமுடியாத ஆற்று மணலில் அடித்தளம் போடும் வித்தையை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கற்றது வகுப்பறையில் அல்ல, கல்லணையில். அந்தப் பாடம்தான் 1836-இல் முக்கொம்பு மேலணையாகவும், 1852-இல் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையாகவும் எழுந்தது. இன்றோ பொறியாளர் பயிற்சி என்றால் குளிரூட்டிய அரங்கு, திரையில் படங்கள், மாலையில் சான்றிதழ். களப்பயணம் நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி. மதியச் சாப்பாட்டோடு அதுவும் முடிந்துவிடும். ஆனால் பாடம் களத்தில்தான் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் காட்டனின் அதே மேலணையின் கொள்ளிடம் மதகுகள் சில வெள்ளத்தில் இடிந்து போயின. இளம் பொறியாளர்களை அங்கே ஒரு நாள் முழுக்க நிறுத்துங்கள். மணலின் போக்கையும் மதகின் முனகலையும் பற்றி, தினமும் ஷட்டர் இயக்கும் லஸ்கரிடம் கேட்கட்டும். நிற்கும் அணை பாதிப் பாடம். மீதியை உடைந்த அணைதான் சொல்லும்.