பேசாத குழந்தையும் பேசும் படமும்: ஆட்டிசம் குறித்த தமிழ்ப் படநூல்களின் தேவை

பேச்சு வராத குழந்தையை உடன்பயிலும் குழந்தைகள் எச்சொல்லால் சுட்டுகின்றனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வழக்கில் ‘ஊமை’ என்னும் சொல்லே முந்துகிறது. அரசு ஆவணங்களில் ஆட்டிசமுடையோரைக் குறிக்கப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்னும் தொடரும் வழங்கிவருகிறது. முன்னது கேலியாகிறது, பின்னது, அக்குழந்தையின் சிந்தனையில் புறவுலகே இல்லை எனத் தீர்ப்பளிக்கிறது. பேசாமை வேறு, புரியாமை வேறு. கலைச்சொல் அறியா வயதினர்க்கு இவ்வேறுபாட்டை உணர்த்த ஏற்ற வடிவம் படநூலே எனலாம்.

மாற்றுத்திறனாளிகள் குறித்த படநூல்கள் தமிழகத்திற்குப் புதியன அல்ல. சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் வெளியீடாக, தம்பி என்னும் நாயுடன் நடந்துசெல்லும் சிறுவனைப் பற்றி லாவண்யா கார்த்திக் எழுதிய கதை நல்ல சான்று. அவனுக்குப் பார்வையில்லை என்பதைச் சொற்கள் அறிவிப்பதில்லை. கையிலுள்ள கோலை ஓவியம் காட்டுகிறது. இவ்வுத்தியை ஆட்டிசத்திற்கு அப்படியே கொள்ளவியலாது. ஆட்டிசத்திற்குக் கோல் போன்ற புற அடையாளம் இல்லை. புறத்தே தெரிவனவும் பெரும்பாலும் பிழையாகவே பொருள்கொள்ளப்படுகின்றன.

உள்ளத்துணர்வு மெய்யில் வெளிப்படுவதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டாக வகுத்தது. கூர்ந்து கண்டும் கேட்டும் உணர்வோர்க்கே அது விளங்கும் என்பதை அவ்வியலின் நிறைவு நூற்பா உணர்த்துகிறது. ஆட்டிசமுடைய குழந்தை கைகளை விரைந்து அசைப்பது மகிழ்ச்சியாகலாம். இரைச்சலைத் தாங்கும் முயற்சியாகவும் ஆகலாம். கண்ணோடு கண் நோக்காமை புறக்கணிப்பு அன்று. எனவே படம் மெய்யைக் காட்ட, உரை அதன் பொருளைத் திறக்க வேண்டும். அக்கூர்மையைச் சிறாரிடம் வளர்ப்பதே இத்தகைய நூலின் பணி.

இப்பணிக்குப் போடிநாயக்கனூர் ஏற்ற களமாகும். விடியலில் தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு வழியே ஏலமலைக்குச் செல்கின்றன. ஹாரன் ஒலி கேட்டுக் காதைப் பொத்திக்கொள்ளும் சிறுமியை ஒரு பக்கம் காட்டலாம். அவள் அடம்பிடிக்கவில்லை, அவ்வொலி அவளை வருத்துகிறது என உரை கூறலாம். அடுத்த பக்கத்தில் அவள் ஏலக்காய்களைப் பருமன் பார்த்து வரிசைப்படுத்துகிறாள். பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒரு காயை நீட்டுகிறான். முகம் நோக்காமலே அவள் அதை உரிய இடத்தில் வைக்கிறாள். நூலில் ‘பாவம்’ என்னும் சொல் வரலாகாது. இறுதியில் அவள் பேசிவிடுவதாக முடித்தலும் கூடாது. பேசினால்தான் ஏற்பு என்னும் பிழையான பாடத்தை அம்முடிவு கற்பித்துவிடும்.

படநூலுக்கு மற்றொரு தகுதியும் உண்டு. பேசாத குழந்தைகள் பலர் படங்களைத் தொட்டுத் தம் தேவையைத் தெரிவிக்கின்றனர். சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ செயலி தொட்ட படத்தைக் குரலாக்குகிறது. ஆகவே படம் நிறைந்த பக்கம் இருவகைக் குழந்தைகளுக்கும் பொதுமொழியாக முடியும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக ஆட்டிசத்தையும் ஏற்று, உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்துகிறது. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிநிலைகளில் சிறுநூல்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. சட்டமும் உண்டு, வழியும் உண்டு. அவ்வழியே செல்லத்தக்க நூல்கள் பெருக வேண்டும். தமிழ்த்துறைகள் சிறார் இலக்கியத்தை மதிப்பிடுவதோடு நில்லாது, சிறப்புக் கல்வியாளர், ஓவியர், பெற்றோர் ஆகியோருடன் அமர்ந்து அந்நூல்களின் உரையை ஆக்குதல் கடன். ‘ஊமை’ என்னும் சொல் நாவில் பழகும் முன்னரே அந்நூல் குழந்தையின் கைக்குச் சேர வேண்டும்.