அகராதிக்குள் அகப்படாத 'டக்'

'கலப்புத் தமிழ்' என்று ஒரு தீர்ப்பை எழுதிவிட்டால் ஆய்வு முடிந்துவிட்டதாக நம்மில் பலர் கருதுகிறோம். அண்மையில் ஒரு கருத்தரங்கில், பழைய கார்களின் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பழுதுபார்ப்போரின் பேச்சைத் தரவாக முன்வைத்தேன். "இதில் தமிழ் எங்கே இருக்கிறது?" என்றார் ஒருவர். கேட்டவர் யார் என்பது முக்கியமன்று. அந்த வினா நம் துறையின் பொதுவினா என்பதால் இங்கே விடை எழுதுகிறேன்.

தரவு திரட்டிய இடம் மார்டள்ளி. 1997 வரை மைசூரு மாவட்டத்தோடும் பின்னர் சாமராஜநகர் மாவட்டத்தோடும் இருக்கும், கருநாடகத்துக்குள் தமிழ் பேசப்படும் ஊர். வண்டிக்காரர் கன்னடத்தில் முறையிடுவார். மெக்கானிக் தமிழில் பையனை ஏவுவார்.

ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பட்டறைப் பெயர் 'செல்ஃப்'. இரும்புக் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை எழுப்பிய காலத்தில், சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்கருவி 1912ஆம் ஆண்டின் கேடிலாக் காரில் வந்தது. 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்ற அதன் பெயரில் ஆங்கிலம் பின்பாதியை வைத்துக்கொண்டது. நம்மவர்கள் முன்பாதியை எடுத்துக்கொண்டார்கள். கலைச்சொல் பட்டியல்கள் தொடக்கி, மின்னோடி, கரித்தூரிகை என்கின்றன. பாடநூலுக்கு அவை வேண்டும். எனக்கு அவற்றோடு பகையில்லை. பெயர்ச்சொல்லை மட்டும் எண்ணிவிட்டு ஒரு பேச்சின் மொழியைத் தீர்மானிக்கும் வழக்கத்தோடுதான் பகை.

வினைகளைப் பாருங்கள். "பினியன் கவ்வல." "கார்பன் தேஞ்சிருச்சு." "காண்டாக்ட் கருகிருக்கு." "ஆர்மேச்சர் உரசுது." "புஷ் ஆடுது." பெயர்கள் எல்லாம் கடன், வினைகள் எல்லாம் தமிழ். நோய் எது என்று சொல்வதும் அந்த வினைகளே. 'கார்பன்' இருந்த இடத்தில் 'கரித்தூரிகை' வைத்தால் பொருள் மாறாது. 'தேய்ந்தது' இருந்த இடத்தில் 'கருகியது' வைத்தால் வேறொரு பழுதாகிவிடும்.

இதனினும் செறிவானது ஒலிக்குறிப்பு. சாவியைத் திருப்பும்போது 'டக்' என்று ஒரே ஒலி எழுந்து நின்றால், சொலினாய்டு இழுத்துவிட்டது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை. காண்டாக்ட், கார்பன், ஆர்மேச்சர் ஆகியவற்றை ஐயுற வேண்டும். 'டகடகடக' என்றால் பெரும்பாலும் செல்ஃப் குற்றவாளியன்று. பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினலில் உப்புப் பூத்திருக்கும். மோட்டார் மின்னோட்டத்தை இழுத்ததும் மின்னழுத்தம் விழுகிறது, சொலினாய்டு பிடியை விடுகிறது, அழுத்தம் மீள்கிறது, மறுபடி இழுக்கிறது. அந்தச் சுழற்சியின் ஒலிவடிவமே அந்த அடுக்கு. 'விர்ர்' என்றால் மோட்டார் சுற்றுகிறது, பெண்டிக்ஸ் பல்சக்கரத்தைப் பற்றவில்லை. 'கரகர' என்றால் பற்கள் தேய்ந்துள்ளன. வல்லொற்றில் முடியும் ஒற்றை வடிவம் ஒருமுறை நிகழ்ந்து முடிந்ததையும், அடுக்கு மீள்நிகழ்வையும், நீளும் ரகரம் இடையறாச் சுழற்சியையும் குறிப்பதை மொழியியல் மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கழற்றுவது அதன் பிறகுதான். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுக்க வேண்டும். இல்லையேல் ஸ்பானர் பட்டுப் பொறி பறக்கும். பிறகு தடித்த கேபிள், சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயர், கியர்பெட்டியின் உறையோடு பிணைக்கும் போல்ட்டுகள். பழைய வண்டியில் துருவேறிய ஒரு போல்ட்டே அரைநாளை விழுங்கிவிடும். ஆகவே 'டக்'கையும் 'டகடக'வையும் பிரித்தறியாதவன், டெர்மினலைச் சுரண்டித் துடைத்திருக்க வேண்டிய இடத்தில் செல்ஃபையே இறக்கிவைத்துக் கூலி கேட்பான். அவ்வொலிகளின் வேறுபாட்டுக்கு ரூபாய் மதிப்பு உண்டு.

இதைத் தரவு என ஏற்கத் தயங்குவோர் தம் மரபையே மறக்கிறார்கள். இரட்டைக்கிளவிக்குத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் இடம் தந்தது. உரிச்சொல்லுக்கு இசை, குறிப்பு, பண்பு என்று மூன்று தோற்றுவாய் கூறியது. கன்னட இலக்கணம் இவ்வகைச் சொற்களை அனுகரணாவ்யயம் என்கிறது. இந்திய மொழிகளில் இவற்றின் பரவலைப் பற்றி எமனோ 'லாங்குவேஜ்' இதழில் எழுதியது 1969இல். இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மைசூருவில் தொடங்கப்பெற்றதும் அதே ஆண்டில்தான். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், பட்டறையின் 'டக்'கைக் கேட்டால் நாம் மூக்கைச் சுளிக்கிறோம்.

அவசரமும் உண்டு. இப்போது கார்பன் மாற்றுவார் குறைந்து, செல்ஃபையே முழுதாக மாற்றிவிடும் வழக்கம் பெருகுகிறது. பகுதியைப் பழுதுபார்க்காதவனுக்குப் பகுதியின் ஒலியைப் பிரித்தறியும் தேவையில்லை. இச்சொற்கள் கொச்சை என்பதால் மறையப் போவதில்லை. அவற்றைப் பயன்படுத்தும் வேலை மறைவதால் மறையும்.

ஒரு நியாயமான மறுப்பை ஏற்கிறேன்: இந்த ஒலி–பழுது இணைவுகள் பொதுவழக்கா, ஒரு பட்டறையின் குழூஉக்குறியா? சோதிக்கக்கூடிய வினா இது. நான்கு பழுதுகளின் ஒலியையும் பதிந்து, மார்டள்ளி, கொள்ளேகால், மேட்டூர், சேலம் பட்டறைகளில் ஒலிக்கவிட்டு, தமிழரும் கன்னடரும் எந்தச் சொல்லைத் தருகிறார்கள், எந்தப் பழுதைச் சொல்கிறார்கள் என்று பார்க்கலாம். ஒலிப்பதிவுக் கருவி எல்லாத் துறைகளிலும் இருக்கிறது. இணைந்து செய்ய விரும்பும் முதுகலை மாணவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.