ஓய்வுக்குப் பின் ஒரு தோழமை

தாசில்தார்களும் ரயில்வே குமாஸ்தாக்களும் உத்தியோகம் முடிந்ததும் சங்கம் கூட்டிக்கொள்வது புதிதல்ல. மாதம் ஒரு கூட்டம், பஞ்சப்படியைப் பற்றி ஒரு தீர்மானம், பிறகு காப்பி. தர்ம ஸ்தாபனத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள் கூடினால் எதைப் பேசுவார்கள்?

1844-இல் லண்டனில் தோன்றிய ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் ஊழியம் செய்து ஓய்வு பெற்றவர்களுக்கென்று உலகளாவிய தோழமை ஒன்று இருக்கிறது. சேலத்தில் பிறந்த கே. டி. பால், 1916-இல் அச்சங்கத்தின் தேசியப் பொதுக் காரியதரிசியான முதல் இந்தியர். அவரை நாம் மறக்கவில்லை. அவர் காலத்தில் காரியாலயத்தைப் பெருக்கியவர் யாரோ?

இக்கேள்வி திண்டிவனத்தில் இன்னும் உறைக்கிறது. 1890-களின் தொடக்கம். ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கட்டர் அங்கே வசித்தார். ஒரே இரவில் மூன்று வீட்டார், பிரசவ வேதனையில் தவித்த பெண்களுக்காக அவர் மகள் ஐடாவை அழைக்க வந்தார்கள். தமக்கு வைத்தியம் தெரியாதென்றார் ஐடா. ஆண் வைத்தியரை அழைக்கவோ அவர்கள் சம்மதிக்கவில்லை. காலையில் விசாரித்துவர ஒரு வேலைக்காரரை ஐடா அனுப்பினார். மூவரும் இறந்தனர் என்ற செய்தியோடு அவர் திரும்பினார். ஐடா வைத்தியம் கற்று, 1900-இல் வேலூரில் தொடங்கிய பணியே இன்றைய பெரிய ஆஸ்பத்திரி. 1946-இல் அவர் ஓய்வு பெற்றதும், 1960-இல் கொடைக்கானலில் மறைந்ததும் சரித்திரத்தில் இருக்கின்றன. செய்தி கொண்டுவந்தவரின் பெயரைக் கதை சொல்வோர் சொல்வதில்லை.

தர்ம ஸ்தாபனங்களில் கடைநிலை ஊழியருக்குச் சம்பளம் பெரும்பாலும் சொற்பம். ஆகவே பென்ஷனும் சொற்பந்தான். வருங்கால வைப்பு நிதியைச் சார்ந்த பென்ஷனுக்கு 2014-இல் சர்க்கார் விதித்த குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். ஊழியத்தின் பலன் பரலோகத்தில் கிடைக்கும் என்று சொல்லிவிடலாம். அந்தச் செக்கை மருந்துக் கடையில் மாற்ற முடியாதே!

எனவே தோழமை நடத்துவோருக்கு நமது விண்ணப்பம்: அங்கத்தினர் ஜாபிதாவைச் சமையற்கட்டிலிருந்தும் காவற்காரர் அறையிலிருந்தும் எழுதத் தொடங்குங்கள். அவர்களிடம் சந்தா கேட்க வேண்டாம். நடக்க முடியாதவரின் வீட்டிலேயே கூட்டத்தை வையுங்கள். பழைய காரியதரிசி பாயில் உட்காரட்டும். பழைய காவற்காரர் பேசட்டும். யாராவது ஒருவர் பக்கத்தில் நோட்டுப் புஸ்தகத்தோடு இருந்து, பெயர்களை விடாமல் எழுதிக்கொள்ளட்டும்.