காட்ஸில்லாவா, போர்ஷேவா?

நிஸான் ஜிடி-ஆர் (ஆர்35) உசத்தியா, போர்ஷே 911 டர்போ (997) உசத்தியா? ரெண்டுக்கும் அதே 480 குதிரைசக்தி, ரெண்டு டர்போ, நாலு சக்கரத்துக்கும் இழுவை. 2008ல அமெரிக்காவுல நிஸான் 69,850 டாலர்; போர்ஷே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல. அதே வருஷம் நூர்பர்க்ரிங்கை நிஸான் 7 நிமிஷம் 29 செகண்ட்ல சுத்துச்சு. போர்ஷேக்காரங்க நம்பவே இல்ல! காசுக்கு மதிப்புன்னா நிஸான்தான், பேச்சே இல்ல.

ஆனா என் ஓட்டு போர்ஷேவுக்கு. ஜிடி-ஆர்ல கிளட்ச் பெடலே கிடையாது, அந்த வேலைய கம்ப்யூட்டர் பாத்துக்கும். 997ல ஆறு கியர் மேனுவல் உண்டு. தப்பா போட்டா வண்டி குலுங்கும். சரியா விழுந்தா அந்த சந்தோஷம் முழுசா நம்மளோடது. நாள் பூரா புரோகிராம் எழுதுறவன் நான். ரோட்டுலயாவது என் கையும் காலும் வேலை செய்யட்டுமே! வாங்க வக்கில்லைங்கிறது வேற விஷயம், ஹி ஹி.