தகப்பனார் வரும்வரை பாடமில்லை

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி கோவிட் தொற்றின் பொருட்டு மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்து பள்ளிகள் அடைபட்டுக் கிடந்த காலத்தில், மலாக்கா மாநிலத்து ஜாசினிலும் அலோர் காஜாவிலும் செம்பனைத் தோட்டங்களை ஒட்டி வாழும் நம் குழந்தைகள் பலருக்கு, வகுப்பறை என்பது தகப்பனார் வேலைக்கு எடுத்துச் சென்ற கைப்பேசியாகவே சுருங்கிப் போயிற்று. அவர் வீடு திரும்பும்வரை பாடமும் திரும்பாது. அக்குறையைப் போக்கும் பொருட்டே, 500 பள்ளிகளின் 150,000 மாணவர்களுக்குக் கணினி வழங்கவென 15 கோடி ரிங்கிட் 'செர்டிக்' நிதி, 2021-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. உத்தேசம் சிலாக்கியமானதே.

ஆயினும் உபகரணம் வந்தமாத்திரத்தில் உபயோகமும் உடன் வந்துவிடுவதில்லை. 'ஒன் பெஸ்தாரிநெட்' திட்டத்தில் இணையமும் மெய்நிகர்க் கற்றல் தளமும் பள்ளிகளை எட்டிய பின்னரும், அத்தளத்தைப் பயன்படுத்தினோர் சொற்பமே என்று தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை குறைகூறியதையும், அத்திட்டம் 2019-இல் முடிவுற்றதையும் நாம் மறப்பதற்கில்லை.

மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகிய பரம்பரை நம்முடையது. (அந்த மணல் மின்னூட்டம் கேட்டதில்லை!) ஆதலால் முதல் இரண்டு வகுப்புகளில் பென்சிலே பிரதானமாக இருக்கட்டும், நான்காம் வகுப்பு முதல் கையடக்கக் கணினி வரட்டும், அதற்கு முன்னதாகவே ஆசிரியர்களுக்குப் பயிற்சியும், தமிழில் அறிவியல், கணிதப் பாடங்களும், தோட்டப்புறத்தில் அறுபடாத இணையமும் சித்தமாக இருத்தல் வேண்டும்.