டீசல் இருக்கு, யூரியா இல்லை

வருஷா வருஷம் மே மாசம் நாக்பூரிலிருந்து மதுரைக்குக் காரில்தான் போவோம். வடக்கே இருக்கிற நம்ம ஆட்களில் நிறையப் பேர் அப்படித்தான். ரயிலில் டிக்கெட் கிடைக்காது. ஐந்து பேருக்கு விமான டிக்கெட் போட்டால் பர்ஸ் காலி. திரும்பும்போது மாவடு ஜாடி, அரிசி மூட்டை வேற. 44-ம் எண் நெடுஞ்சாலையில் ஏறினால் ஐதராபாத், பெங்களூர், சேலம் வழியாகச் சுமார் 1,500 கிலோமீட்டர்.

இந்த முறை கர்நூல் தாண்டியதும் டாஷ்போர்டில் ஒரு அறிவிப்பு. இன்னும் 140 கிலோமீட்டர்தான், அதற்குப் பிறகு அணைத்தால் எஞ்சின் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. டீசல் டேங்க் ஃபுல். பின் சீட்டில் சர்க்கரை வியாதிக்கார அம்மா, ரெண்டு பசங்க. வெளியே கொளுத்துகிற வெயில். தீர்ந்துகொண்டிருந்தது ஆட்ப்ளூ.

நிர்மல் பக்கமே 650 என்று காட்டியது. "போற வழியில வாங்கிக்கலாம்" என்று நான்தான் அசட்டையாக விட்டேன். தங்கமணி இன்னும் சொல்லிக் காட்டுகிறார். சரி, என் தப்பு. ஆனால் வழியில் நாலு பங்க்கில் கேட்டேன். மூன்றில் "ஸ்டாக் லேது". நாலாவது பங்க் வாசலில் ஒருவர் லேபிளே இல்லாத வெள்ளைக் கேனை நீட்டினார். காசு எடுக்கப் போனேன். பக்கத்தில் நின்ற நாமக்கல் லாரி டிரைவர் தமிழ்க் குரல் கேட்டு வந்தார்.

"அண்ணா, அதை வாங்கிராதீங்க. தோட்டத்து யூரியாவைக் கரைச்சு விக்கிறானுங்க. ஒருக்கா ஊத்திட்டு மொதலாளிகிட்ட நான் பட்டது போதுமுங்க."

அவர் சொன்ன லாரி ஸ்பேர் கடையில், கூத்தி பைபாஸில், சீல் வைத்த கேன் கிடைத்தது. பிழைத்தோம்.

நிற்க. அந்த டிரைவர் சொன்ன தோட்டத்து யூரியாவில்தான் விஷயமே இருக்கிறது. ஆட்ப்ளூ என்பது 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி 67.5 சதவீதம் தாது உப்புகள் நீக்கிய தண்ணீர். புகைக்குழாயின் சூட்டில் அது அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.4-லிருந்து பி.எஸ்.6-க்கு ஒரே தாவாகத் தாவினோம். டீசல் காருக்கு இந்த வாயுவின் வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80-க்கு இறங்கியது. அதற்குத்தான் இன்று பல டீசல் கார்களில் இந்த ரெண்டாவது டேங்க். நல்ல சட்டம், அதில் எனக்குச் சண்டையே இல்லை.

என் சண்டை வேறு. டேங்க் காலியானால் வண்டி ஓடக்கூடாது என்று கட்டாயப்படுத்தத் தெரிகிறது. அந்தத் திரவம் ரோட்டில் கிடைக்க வேண்டும் என்று ஏன் கட்டாயப்படுத்தத் தெரியவில்லை?

கிடைக்காத இடத்தில்தான் போலி நுழைகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். விவசாயிக்கான 45 கிலோ மூட்டை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் போக, 242 ரூபாய். அதைக் கரைத்தால் 125 லிட்டருக்கு மேல் வரும். லிட்டருக்கு ரெண்டு ரூபாய்ச் சரக்கு! பயிருக்குப் போக வேண்டிய மானியம் கேனில் ஏறுகிறது. அந்த யூரியாவில் பையூரெட் என்கிற கழிவு 1.5 சதவீதம் வரை இருக்கலாம், ஆட்ப்ளூவுக்கான ஐ.எஸ்.ஓ. 22241 தரத்தில் உச்சவரம்பு 0.3 தான். கூடவே வேப்பெண்ணெய், குழாய்த் தண்ணீரின் உப்பு. எல்லாம் சேர்ந்து தெளிப்பானை அடைக்கும், கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும். செலவு நம் தலையில்.

சீல் வைத்த கேனிலும் வெயில் ஒரு வில்லன். அதே தரத்தின்படி 25 டிகிரியில் வைத்தால் 18 மாசம் தாங்கும், 35 டிகிரியில் ஆறே மாசம். நாக்பூர் மே மாச வெயிலில் கடை வாசலில் அடுக்கி வைத்த கேனின் கதி என்ன? தயாரித்த தேதியைக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்.

கம்பெனிகளும் யோக்கியமில்லை. 2021 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்கும் பி.எம்.டபிள்யூ.வுக்கும் 87.5 கோடி யூரோ அபராதம் போட்டது. ஆட்ப்ளூ டேங்க்கின் அளவு, ஒரு டேங்க்குக்கு எவ்வளவு தூரம் என்று தங்களுக்குள் பேசிவைத்து, சட்டம் கேட்டதற்கு மேல் புகையைச் சுத்தம் செய்வதில் போட்டியே போடாமல் இருந்தார்களாம். கூட்டாளி டெய்ம்லர் முந்திக்கொண்டு காட்டிக்கொடுத்ததால் தப்பித்தது. இங்கே எனக்குக் கார் விற்றவர் சன்ரூஃப் பற்றி அரை மணி நேரம் பேசினார். ரெண்டாவது டேங்க் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதைக் கேட்ட எங்கள் அபார்ட்மெண்ட் நண்பர், "ஒரு சாஃப்ட்வேர் போட்டு அதையே கட் பண்ணிடலாம் பாஸ்" என்றார். கட் பண்ணினால் போகிற நச்சு அவர் பையன் ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில்தான் இறங்கும். மாசக்கணக்கில் இன்ஹேலர் வாங்குகிற குடும்பம் அது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

நான் கேட்பது மூன்றே மூன்று. நெடுஞ்சாலையில் டீசல் விற்கிற ஒவ்வொரு பங்க்கிலும் ஆட்ப்ளூ இருக்க வேண்டும், முடிந்தால் அளந்து ஊற்றும் குழாயோடு. ஒவ்வொரு கேனிலும் தயாரித்த தேதி கண்ணுக்குத் தெரிய வேண்டும். கார் விற்கும்போதே அந்த டேங்க் எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர் வரும் என்று எழுதித் தர வேண்டும். சட்டத்துக்கு அடங்கி நடக்கிறவன் நடுரோட்டில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

டிஸ்கி: அதுவரைக்கும், ஊருக்குக் கிளம்பும் முன்னால் வீட்டிலேயே நிரப்பிவிடுங்கள். டிக்கியில் ஒரு சீல் கேன், நிழலில். நீல மூடியில் மட்டும் ஊற்றுங்கள். தவறி டீசல் டேங்க்கில் ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் பண்ணாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வழியில் தமிழ்நாட்டு லாரியைப் பார்த்தால் வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள். சர்வீஸ் சென்டர் சொல்லித்தராததை அவர்கள் சொல்லித்தருவார்கள்.